இரவல் நாற்காலி

எங்கள் குப்பத்தில் பெண் பார்க்க ஆள் வந்தால், ஓடாத சுவர்க்கடிகாரம் ஒன்றும் இரண்டு நாற்காலிகளும் அந்த வீட்டுக்கு இரவலாகப் போகும். இரவல் என்பது வருகிறவர்களுக்கும் தெரியும். அவர்கள் வீட்டிலும் இதே கூத்துதான். இந்த அற்பத்தனம் எனக்குக் குமட்டும். தங்கையைப் பார்க்க வந்த அன்று, வீடு இருக்கிறபடியே இருக்கட்டும் என்று அம்மாவிடம் பிடிவாதம் பிடித்தேன். கிழிந்த வலை கூடத்தில் குவிந்து கிடந்தது. மூலையில் கருவாட்டுக் கூடை.

மாப்பிள்ளைப் பையனின் தாய் வலையைக் காலால் ஒதுக்கினாள்.

"இன்னாம்மா வூடு இது, ஒரே கலீஜா கீது. குந்த ஒரு நாற்காலி இல்ல?"

அவள் புருஷனும் கட்டுமரக்காரர்தான். அவள் பட்டுப்புடவைக் கொசுவத்திலேயே ஒரு மீன்செதில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"படிச்சவன் பேச்சக் கேட்டேன் பாரு" என்று அம்மா என் காதில் சீறினாள். கதவோரம் நின்ற தங்கையின் முகம் வாடிவிட்டது. அவளுக்குப் பையனைப் பிடித்திருந்தது.

பையனோ தரையில் உட்கார்ந்து, பக்கத்தில் கிடந்த ஊசியை எடுத்து, எங்கள் வலையின் கிழிசலைப் பின்னத் தொடங்கியிருந்தான்.

"எய்ந்திருடா, போலாம்."

"இரும்மா, இத்த முடிச்சிட்டு வரேன்."

தங்கை நூலுருண்டையை அவன் பக்கம் உருட்டிவிட்டாள். அந்த அம்மாள் வேறு வழியில்லாமல், முந்தானையைச் சுருட்டிக்கொண்டு வலையின் மேலேயே உட்கார்ந்தாள்.