மூன்று நட்சத்திரக்காரர்

அம்மாவை வடக்கே ஒரு ராணுவத் தொழிற்சாலைக்கு மாற்றி எட்டு மாதம் ஆகியிருந்தது. ஆவடி குவார்ட்டர்ஸில் அப்பா வைத்த ரசத்தைக் குடித்துக் குடித்து எனக்கு வாழ்க்கையே வெறுத்துப்போயிருந்தது. மூன்றாம் வகுப்புக்கு அது கொஞ்சம் சீக்கிரம்தான். அப்போதுதான் எங்கள் பள்ளி விழாவுக்கு ஒரு மேஜர் ஜெனரல் வரப்போவதாகவும், அவருக்குப் பூங்கொத்து கொடுக்கப்போவது நான்தான் என்றும் சொன்னார்கள்.

சித்தப்பாவுக்கு அது போதாதா? அப்பாவுக்குத் தெரியாமல் அம்மா பெயரில் ஒரு மனு எழுதி, நாலாக மடித்துப் பூங்கொத்துக்குள் செருகிவிட்டார்.

"பெரிய ஆபீசர் கையில குடுத்துடு. அவரு ஒரு வார்த்த சொன்னா ஒங்கம்மா வந்துடும். பயந்துகினு நிக்காதே, இன்னா?"

"யாரு பெரியவருன்னு எப்டித் தெரியும்?"

"தோள்ல ஸ்டார் கீதில்ல, அத்தப் பாரு."

விழா நாளில் எனக்கு இருப்பே கொள்ளவில்லை. காகிதம் வெளியே எட்டிப் பார்ப்பதும் நான் உள்ளே தள்ளுவதுமாக இருந்தேன். இரண்டு முறை பாத்ரூமுக்கு ஓடினேன். டீச்சர் முறைத்தார். ஒருவழியாக ஜீப் வந்தது.

முன்னால் இறங்கிய நரை மீசைக்காரர் தோளில் குறுக்காக ஒரு வாளும் கோலும், பக்கத்தில் ஒரே ஒரு நட்சத்திரம். பின்னால் இறங்கிய இளைஞர் தோளில் பளபளவென்று மூன்று! கணக்கில் நான் கெட்டி. நேராக இளைஞரிடம் போய் நீட்டினேன்.

"ஐயையோ!" என்றார் டீச்சர். கூட்டமே சிரித்தது. மூன்று நட்சத்திரம் வெறும் கேப்டனாம். அதற்கு மேலே ஏறினால் சிங்கம் வருமாம், அப்புறம் வாள் வருமாம், நட்சத்திரம் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குமாம். இதையெல்லாம் சித்தப்பா சொல்லித் தொலைத்திருக்கலாம்.

கேப்டன் சிரித்தபடி பூங்கொத்தை ஜெனரலிடம் கொடுத்தார். அதற்குள் காகிதம் கேப்டனின் சட்டைப் பைக்குள் போய்விட்டது. நான் மட்டும்தான் பார்த்தேன். திருட்டுப் பயல்!

விழா முடிந்ததும் அவர் அப்பாவைத் தேடிப் பிடித்து, ஓரமாக அழைத்துப்போய் அதைக் கொடுத்தார். படித்த அப்பாவின் முகம் வெளிறிவிட்டது. பிறகு கேப்டனின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். எனக்கு வயிறு எரிந்தது.

"அங்கிளுக்குத் தேங்க்ஸ் சொல்லும்மா" என்றார் அப்பா.

அம்மா திரும்பி வர மேலும் இரண்டு வருடம் ஆனது. அத்தனை நாளும் அந்த ஆளை நான் சபிக்காத நாளில்லை.

இன்று நானும் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். மேலதிகாரியைத் தாண்டி மனு போட்டவர்கள் படும் பாடு எனக்குத் தெரியும். அந்தக் காகிதம் ஜெனரல் கைக்குப் போயிருந்தால் அம்மா உடனே வீட்டுக்கு வந்திருப்பாள்தான், சஸ்பெண்ட் ஆகி. அதைத் தடுத்த மனிதருக்கு அன்று நான் தேங்க்ஸ் சொல்லவில்லை. நாக்கைத் துருத்திக் காட்டினேன்.