கடைசி ரீலில் வந்த மணப்பெண்

எனக்கு வயது தொண்ணூற்றொன்று. பெற்றது ஆறு, வளர்த்தது எட்டு. கூடுதலான இரண்டும் யாருடைய பிள்ளைகள் என்பது போகப்போகத் தெரியும். ஆவூர்ப் பக்கத்து மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு வரை போனேன். எழுத்துக் கூட்டி ஜெபப் புத்தகம் வாசிப்பேன். இதை எழுத ஒரு மழைக்காலம் முழுவதும் பிடித்தது. எனக்கென்ன அவசரம்.

சினிமாவைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி உண்டு. கீரனூர் போகிற சாலையில் டூரிங் கொட்டகை போட்ட நாளிலிருந்து, ஈஸ்டருக்கு முந்திய தவசு காலம் தவிர, வந்த படம் ஒன்றையும் நான் விட்டதில்லை. பெண்கள் பக்கம் மணலைக் குவித்து மேடாக்கிக்கொண்டு உட்காருவேன். ஆண்கள் பக்கத்துக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு மூங்கில் தட்டி. கொட்டகையில் மெஷின் ஒன்றுதான். ஒரு ரீல் முடிந்ததும் விளக்கைப் போட்டு அடுத்த ரீலை மாட்டுவார்கள். அந்த நேரத்தில் பெண்கள் படம் எப்படி என்று என்னைத்தான் கேட்பார்கள். நான் நல்லா இல்லை என்று சொன்ன படத்துக்கு மறுநாள் எங்கள் ஊரிலிருந்து ஒரு பெண்ணும் போகமாட்டாள்.

பெரிய படங்கள் ஊர் ஊராகச் சுற்றித் தேய்ந்து எங்களிடம் வந்து சேர வருஷக்கணக்காகும். நடுவில் கொட்டகையை ஓட்ட வருபவை சின்னப் படங்கள். தெரிந்த முகம் ஒன்றுகூட இருக்காது. அவற்றில் எனக்குப் பிடித்தது, வருகிற ஆட்கள் நம்மைப் போல மூச்சு வாங்குவார்கள். பெரிய படத்து ராஜா பத்துப் பேரை வெட்டிச் சாய்த்தாலும் தலைமுடி கலையாது. சின்னப் படத்தில் பொட்டு அழிந்தால் அழிந்ததுதான். திருப்பி எடுக்க அவர்களிடம் பிலிம் இருக்காது. பிடிக்காதது கவனமில்லாத பொய். மூன்று நாள் பட்டினி என்று அழுகிறவள் தலையில் அன்று பறித்த மல்லிகை இருக்கும். கதிர் அறுக்க வந்தவள் அரிவாளைக் கத்திரிக்காய் நறுக்குவது போலப் பிடித்திருப்பாள். ஏழை வீட்டுச் சுவரில் இருந்த விரிசல் பணக்காரன் வீட்டுச் சுவரிலும் வரும். துணிமணிக்குக் காசு இல்லையென்றால் மன்னித்துவிடுவேன். மல்லிகையை எடுத்துக் கீழே வைக்கக் காசு வேண்டியதில்லையே.

இப்படி உன்னிப்பாகப் பார்க்கிற கண்தான் என் தம்பியின் கல்யாணத்துக்குக் கடைசியில் துணைக்கு வந்தது. அந்தக் கண்ணை அவன் மன்னித்தானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

தம்பி என்னைவிட இரண்டு வயது சின்னவன். அப்பா இறந்த மறு வருஷம் சினிமாவில் சேரப்போகிறேன் என்று மெட்ராஸுக்குப் போனான். நாலு வருஷம் கழித்து மெலிந்துபோய்த் திரும்பினான். ஒரே ஒரு படத்தில் நடித்திருந்தான். சின்னப் படம், அதிலும் சின்ன வேஷம், கதாநாயகியின் அண்ணனாக. ஆனால் அவன் சொல்லக் கேட்டவர்கள் அதைக் காவியம் என்றே நினைத்தார்கள். மாளிகை அசல், நகை அசல், கல்யாணக் காட்சிக்குச் சமைத்த விருந்துகூட அசல் என்றான். ஆத்தா அதைக் கோயிலில் எல்லாரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டாள். நானும் தடுக்கவில்லை.

ஒரு நல்ல இடத்தில் பெண் அமைந்தது. டீச்சருக்குப் படித்த பெண். எங்கள் வழக்கப்படி கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று பங்குச் சாமியார் பீடத்திலிருந்து கேட்பார். இரண்டு ஓலை வாசித்தாயிற்று. மூன்றாவது ஓலைக்கு முந்திய வியாழக்கிழமை, தம்பி நடித்த படம் எங்கள் கொட்டகைக்கு வந்தது. சனிக்கிழமையோடு எடுத்துவிடுவார்கள்.

தம்பிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பெண்ணின் அப்பாவையும் அவர் வீட்டாரையும் தானே போய் அழைத்து வந்து முதல் ஆட்டத்துக்குப் பெஞ்சில் உட்கார வைத்தான். நாலாவது ரீலில் அவன் வந்தான். மணவறையில் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்து, பக்கத்தில் தலைகுனிந்திருந்த பெண்ணுக்குத் தாலி கட்டினான். கட்டும்போது அவன் விரல்கள் நடுங்கின. ரீல் முடிந்து விளக்குப் போட்டார்கள். பெண்ணின் அப்பா எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். அவர் வீட்டார் எல்லாரும் பின்னாலேயே போனார்கள். தம்பி ஓடினான்.

படம் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்றுதான் நான் நினைத்தேன். எனக்கும் அது பிடிக்கவில்லை. ஆனாலும் பாதியில் எழுகிற பழக்கம் எனக்கு இல்லாததால், ஒற்றை ஆளாகக் கடைசி வரை பார்த்துவிட்டு வந்தேன்.

விஷயம் வெள்ளிக்கிழமை காலையில் தெரிந்தது. மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே தாலி கட்டிய பெண்டாட்டி உண்டு, நானே என் கண்ணால் பார்த்தேன் என்று பெண்ணின் அப்பா சாமியாரிடம் தடை சொல்லிவிட்டார். கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். அன்றைக்கு எங்களில் யாரும் சிரிக்கவில்லை. நாலு வருஷம் கண்காணாத ஊரில் இருந்தவன். தாலி என்ன, பொய்யாகக் கட்டிப் பார்க்கிற பொருளா? போதாததற்கு எல்லாமே அசல் என்று அவனே ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தான். ஆத்தா அடுப்பு மூட்டவில்லை. தம்பி சுவரோரம் உட்கார்ந்து, அது நடிப்பு, அது நடிப்பு என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான். பெண்ணுக்குத் திருச்சியில் வேறு இடம் பார்க்கப் போகிறார்கள் என்று சாயந்தரத்துக்குள் செய்தி வந்தது.

சனிக்கிழமை காலை சாமியார் இரு பக்கத்தையும் கூப்பிட்டார். மெட்ராஸில் தம்பி இருந்த பங்குக் கோயிலிலிருந்து, இவன் கல்யாணமாகாதவன் என்று கடுதாசி முன்பே வந்திருக்கிறது என்று எடுத்துச் சொன்னார். பெண்ணின் அப்பா அசையவில்லை.

"கடுதாசி இருக்கட்டும் சாமி. நான் பாத்தது இவன் கையி. அந்தக் கை நடுங்குனதையும் பாத்தேன். பொய்யாக் கட்டுறவனுக்குக் கை எதுக்குங்க நடுங்குது?"

சாமியார் கடுதாசியை மடித்து வைத்தார். தடை சொன்னவரே திரும்ப வாங்கினால் ஒழிய நாளைக்கு ஓலை வாசிப்பதற்கில்லை என்றார். ஆத்தா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்போதுதான் நான் பேசினேன்.

"மாமா, நீங்க பாதியில எந்திரிச்சுப் போயிட்டீங்க. நான் முழுசாப் பாத்தேன். அது ஒரு தரித்திரம் புடிச்ச படம்."

தம்பி நிமிர்ந்து பார்த்தான். பார்க்கட்டும் என்று விடாமல் சொன்னேன். அந்த மாளிகை துணியில் எழுதினது, காற்றுக்கு ஆடுகிறது. தாலி கட்டியவளுக்கு அடுத்த காட்சியிலேயே வெறுங்கழுத்து. மணவறையில் இருந்த மூக்கு உடைந்த குத்துவிளக்கு ஜமீன்தார் வீட்டிலும் நிற்கிறது, போலீஸ் ஸ்டேஷனிலும் நிற்கிறது. ஆளுக்குப் பஞ்சமான படம், அதனால் அந்த மணப்பெண்ணே கடைசி ரீலில் வேறு வேஷத்தில் திரும்ப வருகிறாள். என்ன வேஷம் என்று நான் சொல்லமாட்டேன், இன்று சாயந்தரம் மாமாவே வந்து பார்க்கட்டும் என்றேன். இவன் அசல் என்று சொன்னதில் ஒன்றுகூட அசல் இல்லை சாமி என்று முடித்தேன். தம்பி தரையைப் பார்த்தான். காது மடல் சிவந்திருந்தது.

முழுசாகப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்று சாமியாரும் சொன்னதால், பெண்ணின் அப்பா வர ஒப்புக்கொண்டார்.

சாயந்தரம் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. கொட்டகையில் இருபது பேர் தேறவில்லை. கூட்டம் குறைந்தால் ஆபரேட்டர் கடைசியில் ஒரு ரீலை விழுங்கிவிட்டு வணக்கம் போட்டுவிடுவார். சின்னப் படங்களுக்குத்தான் இந்தக் கதி. நேரே மெஷின் அறை வாசலுக்குப் போய், ஒரு ரீலும் விடாமல் ஓட்ட வேண்டும் என்று கேட்டேன்.

"இந்தப் படத்த எவன் பாக்குறான் அக்கா? ஓட்டுற நானே பாக்குறதில்ல" என்றார்.

ஒரு பெண்ணின் கல்யாணம் அந்த ரீலில்தான் இருக்கிறது என்று முழுக்கதையும் சொன்னேன். சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். மழை வந்தால் தன்னைக் குற்றம் சொல்லக் கூடாது என்றார்.

நாலாவது ரீலில் தம்பி தாலி கட்டினான். தட்டிக்கு அந்தப் பக்கம் பெண்ணின் அப்பா தொண்டையைச் செருமுகிற சத்தம் கேட்டது. அவர் அசையவில்லை. மேலே கீற்றில் இரண்டு துளி விழுந்தது. ஒவ்வொரு முறை விளக்கு எரியும்போதும் அவர் இருக்கிறாரா என்று தட்டி ஓட்டை வழியாகப் பார்த்தேன். கடைசி ரீல் ஓடத் தொடங்கியது. மேளம் கேட்டது. இதோ வருகிறது என்று நான் நிமிர்ந்தபோது பிலிம் அறுந்தது. திரை வெள்ளையாகிப்போனது. ஆண்கள் பக்கம் பெஞ்சு நகர்ந்தது. அவர் எழுந்துவிட்டார்.

"மாமா, உக்காருங்க. முடியல."

என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. அவர் நின்றபடியே இருந்தார். மெஷின் அறையில் ஆபரேட்டர் யாரையோ திட்டுவது கேட்டது. ஜெபமாலையில் பத்து மணி உருட்டுகிற நேரம் இருக்கும். ஒட்டிவிட்டார். மறுபடி மேளம். அதே மணவறை, மூக்கு உடைந்த அதே குத்துவிளக்கு, அதே புடவை, அதே பெண். இந்த முறை அவள் தலைகுனியவில்லை. பக்கத்தில் பொக்கை வாய் கிழவர் ஒருவர் மாலையோடு உட்கார்ந்து அவளுக்குத் தாலி கட்டினார்.

தட்டிக்கு இந்தப் பக்கமிருந்தே கேட்டேன். "மாமா, இப்ப இந்தப் பொண்ணு யாரு பொண்டாட்டி?"

கொட்டகையில் இருந்த இருபது பேரும் சிரித்தார்கள். "தம்பி விட்டதத் தாத்தா புடிச்சுக்கிட்டாருப்பா" என்று ஆண்கள் பக்கம் ஒரு குரல். பெண்ணின் அப்பா சிரிக்கவில்லை. உட்கார்ந்து படம் முடிகிற வரை பார்த்தார். வெளியே வந்து, தாலி கட்டும்போது கிழவருக்குக் கை நடுங்கவே இல்லையே என்று மட்டும் சொன்னார். பிறகு நேரே சாமியார் வீட்டுப் பக்கம் நடந்தார்.

தம்பி கொட்டகையின் பின்பக்கக் கம்பத்தில் சாய்ந்து எல்லாவற்றையும் பார்த்திருக்கிறான். அவன் படத்தில் ஜனங்கள் சிரித்த ஒரே இடம் அது. நான் தேடியபோது அவன் அங்கே இல்லை.

மறுநாள் மூன்றாவது ஓலை வாசித்தார்கள். தடை என்று யாரும் எழவில்லை. கல்யாணமும் நடந்தது. பிற்பாடு அந்தப் பெண்ணுக்கு அறந்தாங்கிப் பக்கம் டீச்சர் வேலை கிடைத்து இருவரும் போனார்கள். அவர்கள் பிள்ளைகள் இரண்டும் என்னிடம்தான் வளர்ந்தன. தம்பி அதற்குப் பிறகு மெட்ராஸ் பேச்சையே எடுக்கவில்லை. கல்யாணத்தன்று சாப்பாட்டுப் பந்தியில் என் இலைக்குப் பரிமாறக் குனிந்தபோது ஒரே ஒரு தடவை கேட்டான்.

"படம் தரித்திரம்னு சாமி முன்னாடியே சொன்ன அக்கா. நான் எப்படி நடிச்சேன்னு ஒரு வார்த்த சொல்லலையே."

பந்தி நடந்துகொண்டிருந்தது. அப்புறம் சொல்லலாம் என்று விட்டதுதான், இத்தனை வருஷம் ஓடிவிட்டது. சின்னப் படத்தில் எது பொய் என்று உடனே சொல்லிவிடுகிற எனக்கு, எது உண்மை என்று சொல்ல வாய் வரவில்லை. இப்போது எழுதுகிறேன். அந்தப் படத்தில் சுவர் பொய், விளக்கு பொய், நகை பொய். தாலி கட்டிய அந்த விரல்களின் நடுக்கம் ஒன்றுதான் உண்மையாக இருந்தது. பெண்ணைப் பெற்றவரே நம்பித் தடை சொல்லும்படி அவன் நடித்திருந்தான். அதற்கப்புறம் நான் பார்த்த பெரிய படங்களில்கூட அப்படி ஒரு கையை நான் பார்க்கவில்லை.

ஏத்தா பேத்தி, எழுத்துப் பிழை இருந்தால் இருக்கட்டும், திருத்தாதே. முதலிலிருந்து வாசி. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சத்தமாக வாசி. உள்ளே கட்டிலில் படுத்திருக்கிற என் தம்பிக்கு, உன் சின்னத் தாத்தாவுக்கு, காது மந்தம்.