பாஸ் கிடைக்கும் என்றவர்

யுத்த காலத்தில் திருகோணமலையிலிருந்து மூதூருக்குக் கடல்வழியே லாஞ்சில் போவதற்கு அனுமதிப் பாஸ் வேண்டும். அங்கே சுகமில்லாமல் படுத்திருந்த அம்மாவைப் பார்க்க, நான் நாலு நாளாகப் பாஸ் கொடுக்கும் இறங்குதுறைக் கந்தோர் வரிசையில் நின்றேன். நாலு நாளும் எனக்கு முன்னால் நின்றவர் ஒரே மனிதர்தான். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, எண்ணெய் வைத்து அழுத்திச் சீவிய தலை. வரிசை ஓர் அடி நகர்ந்தால் போதும், கண்ணை மூடிக்கொண்டு வாய்விட்டுச் சொல்வார்:

“இண்டைக்கு எனக்குப் பாஸ் கிடைக்கும். கட்டாயம் கிடைக்கும்.”

வெயில் ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம். நாலாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை.

“அண்ணை, இதைத்தானே நேற்றும் சொன்னனீங்கள். கிடைச்சதோ?”

“இல்லை,” என்றார் கோபமே இல்லாமல். “நீங்களும் ஒருக்காச் சொல்லிப் பாருங்கோ.”

“எனக்கு ஏலாது. பேசாமல் நில்லுங்கோ.”

அன்றும் அவருக்கு இல்லை என்றார்கள். அடுத்ததாகப் போன எனக்குப் பாஸ் கிடைத்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்க்கக் கூசியது. அவரோ ஓடி வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“பாத்தீங்களே, சொன்னது பலிச்சிட்டுது! ஆள்தான் மாறிப்போச்சு. நாளைக்கு என்ர பேரையும் சேர்த்துச் சொல்லுறன்.”

லாஞ்ச் புறப்பட்ட பிறகும் என் எரிச்சல் அடங்கவில்லை. இப்படியும் ஒரு மனிதன் இருப்பானா என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே போனேன். பாதிக் கடல் தாண்டிய பிறகுதான் ஒன்று உறைத்தது. அம்மாவுக்குச் சுகமில்லை என்பதை நான் முதல் நாளே அவரிடம் சொல்லியிருந்தேன். மூதூரில் அவருக்கு யார் இருக்கிறார்கள் என்று ஒரு நாளும் கேட்கவில்லை.