பத்துப் படத்துக்குள் ஒரு மந்தை

அந்தக் கேமராவை விற்றவர் ஸ்டுடியோக்காரர் இல்லை. புதியம்புத்தூரில் குழந்தைகளுக்கு கவுன் தைத்து அட்டைப்பெட்டியில் போட்டு அனுப்புகிற ஒரு அண்ணாச்சி. பெட்டி மூடியில் அச்சடிக்கிற படத்துக்காக ஒரு காலத்தில் சென்னையிலிருந்து வரவழைத்தாராம். சின்ன வயதில் என் தீபாவளி கவுன் பெட்டிகளின் மேல் இடுப்பில் கைவைத்து நின்ற பிள்ளைகளை அவ்வளவு பொறாமையாகப் பார்த்திருக்கிறேன். பாதிப்பேர் அவர் தெருப் பிள்ளைகள்தானாம்.

"மிஷின் நல்லா ஓடுது. ஆனா சத்தம் போடும், பாத்துக்கிடுங்க" என்று ஒருமுறை அமுக்கிக் காட்டினார். இரும்புப் பெட்டியை ஓங்கி மூடின மாதிரி 'டப்' என்றது. பக்கத்து மிஷினில் தைத்துக்கொண்டிருந்த அக்கா தலையைத் தூக்கி, "படம் எடுக்கியளா, வெடி போடுதியளா அண்ணாச்சி?" என்றாள். எனக்கு அந்தச் சத்தமே பிடித்துப்போனது. பேரம் பேசத் தோன்றவில்லை. கேமராவுக்கு முந்தியே பிலிம் ரோல் வாங்கி வைத்திருந்த அவசரக்காரி நான்.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. மறுநாள் காலையில் ஆட்டு வியாபாரியின் வண்டி வருகிறது. அம்மாவுக்கு முழங்கால் தேய்ந்து ஆடு மேய்க்கக் காடு சுற்ற முடியவில்லை. மந்தை மொத்தமும் போகிறது. நான் கோவில்பட்டியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவள், "நான் மேய்க்குதேன்" என்று சொல்ல வாய் வரவில்லை. அம்மாவையும் அத்தனை ஆடுகளையும் ஒரே படத்தில் பிடித்துவிட வேண்டும், அவ்வளவுதான். போன் போதாதா என்றால், போனில் ஆயிரம் படம் கிடக்கிறது; ஒன்றைக்கூட நான் திரும்பிப் பார்த்ததில்லை. இந்த ரோலில் பத்தே படம்.

சாயங்காலம், பருத்தி எடுத்து முடிந்த காடு. எங்களுடையது கன்னி என்கிற ரக ஆடுகள்: உடம்பெல்லாம் கறுப்பு, முகத்தில் மட்டும் இரண்டு வெள்ளைக் கோடு. கேமராவைக் கரிசல் மண்ணைப் பார்த்துச் சாய்த்தேன், உள்ளே வெளிச்சம் அளக்கிற மீட்டர் முள் ஏறியது, அது சொன்னபடி வைத்தேன். நடுவில் அம்மா. அமுக்கினேன்.

டப்!

மந்தை நாலு திக்கிலும் தெறித்தது. ஒன்று உடைமரத்துக்குள் புகுந்து முள்ளில் சிக்கிக்கொண்டு கத்தியது.

"ஏட்டி! நாளைக்கு விக்கப்போற ஆட்ட இன்னைக்கே வெரட்டி விடுதியா?"

மடக்கிச் சேர்க்கக் கால்மணி நேரம். மறுபடி டப், மறுபடி ஓட்டம். ஆறாவது படத்தோடு எனக்கு அழுகை முட்டியது. வெயில் வேறு இறங்கிக்கொண்டிருந்தது. அம்மாதான், "நீ அங்கன போயி நில்லு. நான் கூப்பிடுதேன். அதுக என்னயப் பாத்து ஓடி வரும், வந்து நின்னதும் அமுக்கு. ஒருக்காத்தான், பொறவு நம்பாதுக" என்றாள். நாக்கை மடித்து 'ட்ர்ர்ரா' என்று ஒரு குரல். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது எந்தக் காட்டில் இருந்து கேட்டாலும் அம்மா இங்கேதான் என்று எனக்குச் சொன்ன குரல். மந்தை அப்படியே திரும்பி ஓடி வந்து அம்மாவைச் சுற்றி நின்றது. அமுக்கினேன்.

கழுவ சென்னைக்கு அனுப்பிய ரோல் பத்து நாள் கழித்துத்தான் போனில் படமாக வந்தது. அதற்குள் காலியான ஆட்டுத் தொழுவைக் கூட்டித் தள்ளி என் ஸ்கூட்டியை நிறுத்தியிருந்தோம். தூறல் விழுந்தால் மட்டும் புழுக்கை வாசம் மேலே வரும்.

படத்தைத் திறந்தேன். கறுப்பு மண்ணையும் கறுப்பு ஆட்டையும் அளந்து அதற்குத் தக்க வெளிச்சத்தை உள்ளே விட்டுவிட்டு, மனுசியை மறந்திருக்கிறேன். மண்ணில் ஒவ்வொரு வெடிப்பும் தெரிந்தது. ஆடுகளின் ரோமம் தெரிந்தது. அம்மாவின் முகம் மட்டும் வெளுத்துப்போய், மூக்கு எங்கே வாய் எங்கே என்று தெரியாமல்.

"உன் முகத்தக் கெடுத்துட்டேம்மா."

"என் மூஞ்சி கெடக்கட்டும். இங்கன கொண்டா." போனை வாங்கி இரண்டு விரலால் விரித்தாள். "இந்தா மூளி. இவ மொட்டச்சி, பக்கத்துல அவ மவ. இது போன ஆடியில பொறந்தது..." ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டே போனவள் சட்டென்று நிறுத்தினாள். "சுழியனக் காணுமே."

பத்தில் இது ஒன்றுதான் தேறிய படம். குனிந்து இருவரும் தேடினோம். இடது ஓரத்தில், மூளியின் பின்னால், தூக்கின வால் ஒன்று, ஒரு பின்னங்கால்.

"அவந்தான்" என்றாள் அம்மா. சிரித்துவிட்டாள். "கூப்பிட்டா என்னைக்கு ஒழுங்கா வந்து நின்னுருக்கான் அவன்?"