மட்கார்டில் ஒரு நீலக்கோடு

எங்கள் உறவில் யாராவது கார் வாங்கினால் போதும், அம்மாவின் வாய்த்துடுக்கால் வாசல்வரை வந்த வண்டி திரும்பிப் போன கதையை எடுத்துவிடுவார்கள். நானும் அறுபது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வண்டி திரும்பிப் போனது வாஸ்தவம். ஆனால் அதைத் திருப்பி அனுப்பியது ஒரு மரக்குச்சியும் ஒரு துண்டு நீலச் சாக்பீஸும். அந்தக் குச்சியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். ஆகவே இதைச் சொல்லும் உரிமை எனக்குத்தான் உண்டு. வேறு மாதிரி சொல்கிறவர்கள் என் முகத்துக்கு நேரே வந்து சொல்லட்டும்.

இரண்டாவது யுத்தம் வருவதற்குச் சில வருஷங்கள் முன்பு. எனக்கு ஒன்பது வயது. பெங்களூரில் பட்டாளம் தங்கிய தண்டுப் பகுதியில், மர்பி டவுன் வரிசை வீடு ஒன்றில் குடியிருந்தோம். அப்பா ஒரு கிடங்கில் குமாஸ்தா. அம்மா துரைசாணிகளுக்குக் கவுன் தைப்பாள். அவளிடம் கையால் சுற்றும் தையல்மெஷின் ஒன்று இருந்தது. கல்யாணத்துக்கு முன்பே தன் சம்பாத்தியத்தில் வாங்கியது என்று வருகிறவர்களிடமெல்லாம் கேட்காமலே சொல்வாள்.

எங்கள் வீட்டிலேயே சாப்பிட்டு எங்கள் வீட்டிலேயே தூங்கிய சித்தப்பாவுக்கு அந்த வருஷம் கார் ஓட்டக் கைவந்துவிட்டது. சொந்தமாக ஒரு பழைய கார் வாங்கி ஸ்டேஷனில் வாடகைக்கு விடவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். தம்பி கேட்டு அப்பா எதையும் இல்லை என்று சொன்னதில்லை. ஊருக்குக் கப்பலேறும் ஒரு துரையின் கார் விலைக்கு வந்திருப்பதாக ஒரு தரகர் சொன்னார். கையில் இருந்தது போதவில்லை. குறைந்ததற்கு ஈடாக அம்மாவின் மெஷினை எடுத்துக்கொள்ளத் தரகர் சம்மதித்தார். அம்மாவின் சம்மதத்தை யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

அந்தச் சனிக்கிழமை காலையில் மெஷின் போர்வைக்குள் மூட்டையாகக் கட்டப்பட்டு வாசலோரம் இருந்தது. ரிப்பேருக்குப் போகிறது என்று என்னிடம் சொன்னார்கள். நானும் நம்பினேன். தரகரோடு போனால் அது திரும்பி வராது என்பது என்னைத் தவிர வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எனக்கு அந்த மூட்டையைப் பற்றி என்ன கவலை? கார் வரப்போகிறது என்று பள்ளிக்கூடத்தில் ஒரு வாரமாக அளந்துகொண்டிருந்தேன். போதாததற்கு, மறுநாள் ஆராதனை முடிந்ததும் வண்டிக்கு ஜெபம் செய்யவேண்டும் என்று சித்தப்பா எங்கள் சபைப் போதகர் ஐயரிடமும் சொல்லிவைத்துவிட்டார். சபை முழுக்கச் சேதி பரவிவிட்டது.

கார் வந்தது. கன்னங்கரேலென்று, கான்வாஸ் கூரையோடு, எங்கள் தெருவையே அடைத்துக்கொண்டு நின்றது. அக்கம்பக்கத்தார் எல்லோரும் கூடிவிட்டார்கள். தரகர் பூட்ஸ் காலால் டயரை உதைத்துக் காட்டினார். சித்தப்பா ஹாரனை அழுத்திக் காட்டினார். அப்பா ஒன்றையும் தொடாமல் பின்னால் கைகட்டிக்கொண்டு சுற்றிவந்தார். அம்மா கையைத் துடைத்தபடி வெளியே வந்து, கொஞ்சநேரம் பார்த்துவிட்டு உள்ளே போனாள். திரும்பி வந்தபோது அவள் கையில் கவுனுக்கு ஓரம் குறிக்கும் குச்சி இருந்தது.

அந்தக் குச்சியைப் பற்றிச் சொல்லவேண்டும். துரைசாணியை நேராக நிற்கவைத்து, தரையில் குச்சியை ஊன்றி, அதில் அடித்திருக்கும் ஆணியின் உயரத்துக்குக் கவுனைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போடுவாள் அம்மா. இடுப்பிலிருந்து அளந்தால் தப்பாகிவிடும், ஒருத்திக்கும் இரண்டு இடுப்பும் சமமாக இருக்காது என்பாள். நின்றபடி ஒருமுறை பார்த்தபின், நடக்கச் சொல்லி, உட்கார்ந்து எழச் சொல்லி இன்னொருமுறை பார்ப்பாள். அம்மாவுக்குத் தெரிந்த வித்தை இவ்வளவுதான். காருக்கும் அதையே செய்யக் கிளம்பினாள்.

"இங்க தரை சரிவா இருக்கு. வண்டிய அந்தக் குழாயடிக் கல்லு மேல நிறுத்துங்க" என்றாள்.

தரகர் சிரித்தார். "அரே, மோட்டாருக்குப் பாவாடை தைக்கப் போறீங்களாம்மா? சொல்ப நகருங்க, ஆம்பளைங்க பார்த்துக்குவாங்க."

"அண்ணி, மானத்த வாங்காதீங்க" என்று சித்தப்பா பல்லைக் கடித்தார்.

"எம் மெஷின் போகுது தம்பி. நான் பார்ப்பேன்" என்றாள் அம்மா. சத்தம் போட்டுச் சொல்லவில்லை.  அப்பா தரையைப் பார்த்துக்கொண்டே, "நிறுத்துடா, பார்க்கட்டும்" என்றார்.

வண்டி குழாயடியில் சமதளத்தில் நின்றது. காலி வண்டி. பின்பக்கம் இரண்டு மட்கார்டிலும், ஆணியின் உயரத்துக்கு ஒவ்வொரு நீலக்கோடு போட்டாள் அம்மா. தரையிலிருந்து மட்கார்டின் ஓரம்வரை இரண்டு பக்கமும் ஒரே அளவு. தரகர், பார்த்தீர்களா என்பதுபோல் கூட்டத்தைப் பார்த்தார். எனக்கு உயிர் வந்தது.

அம்மா விடவில்லை. ஆட்களை ஏறி உட்காரச் சொன்னாள். சும்மா கார் ஏறக் கசக்குமா? இடித்துப் பிடித்துக்கொண்டு ஏறினார்கள். பக்கத்துக்கு மூன்றுபேராக, கனம் பார்த்து அவளே பிரித்து உட்காரவைத்தாள். பிறகு குச்சியை வலப்பக்கம் ஊன்றினாள். கோடு ஆணிக்குக் கீழே இரண்டு விரல்கட்டை இறங்கியிருந்தது. அதே குச்சியை என் கையில் கொடுத்து, இடப்பக்கம் போய்ப் பார்த்துச் சொல்லச் சொன்னாள்.

ஊன்றிப் பார்த்தேன். கோடு ஆணிக்கு நேராகவே நின்றது. இம்மியும் இறங்கவில்லை. ஒன்பது வயதுப் பெண்ணுக்கு ஸ்பிரிங் பட்டையைப் பற்றி என்ன தெரியும்? எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. இரண்டு பக்கமும் சமம் என்று சொன்னால் கார் எங்களுடையது.

"இங்கயும் ரெண்டு விரல் எறங்கியிருக்கும்மா!" என்று கத்தினேன்.

"நல்லாப் பாரு."

"ரெண்டு விரல்தான்!"

அன்று நான் சொன்ன பொய்க்கு இன்றும் எனக்கு வெட்கமில்லை. ஆசைப்பட்டேன், சொன்னேன். அம்மா சுற்றிவந்து என் முகத்தைப் பார்த்தாள். குச்சியை வாங்காமல், நான் பிடித்திருந்தபடியே குனிந்து பார்த்தாள். "கொழந்தைக்குச் சரியாத் தெரியல" என்று மற்றவர்களிடம் சொல்லிவிட்டு நிமிர்ந்தாள்.

"வலப்பக்கம் ஆளு ஏறினா அமுங்குது. இந்தப் பக்கம் அசையவே மாட்டேங்குது. மூணு பேரு உக்காந்தும் அசையலன்னா, உள்ள என்னமோ முட்டுக் குடுத்து வெச்சிருக்கு."

"அது கெட்டி ஸ்பிரிங்கும்மா. துரை ஸ்பெஷலாப் போட்டது" என்றார் தரகர்.

"கெட்டின்னா ரெண்டு பக்கமும்ல போட்டிருப்பார்?"

சித்தப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. அண்ணி சொல்வது தப்பு என்று நிரூபிப்பதற்காகவே, ஜெபத்துக்கென்று தைத்த புதுச் சட்டையோடு வண்டிக்கு அடியில் மல்லாந்து நுழைந்தார். அங்கே இங்கே தட்டிப் பார்த்தார். பிறகு ஜாக்கி கேட்டார். எல்லோரையும் இறக்கிவிட்டு வண்டியைத் தூக்கினார்கள். அடியிலிருந்து ஒரு மரக்கட்டை வந்தது. கோணி சுற்றி, மசகு தடவி, அச்சுக்கும் மேல் சட்டத்துக்கும் நடுவே யாரோ பதமாக அடித்து இறுக்கியிருந்தார்கள். ஜாக்கியை இறக்கியதும் இடப்பக்கம் அப்படியே உட்கார்ந்துவிட்டது. மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே என் கைகூட நுழையாது. ஸ்பிரிங்கில் இரண்டு பட்டை முறிந்திருந்தது என்றும், மற்றவை வளைவே இல்லாமல் தட்டையாகியிருந்தன என்றும் சித்தப்பா மெதுவாகச் சொன்னார். சட்டை முழுக்க மசகு.

நாலுபேரை ஏற்றிக்கொண்டு ஒரு பள்ளத்தில் இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள். தரகர் வண்டியைக் கிளப்பினார். இடப்பக்கம் சாய்ந்து, டயர் உரசிக் கரகரக்க, மட்கார்டில் நீலக்கோட்டோடு அது தெருமுனை திரும்புவதைப் பார்த்தேன். நானும் அழுதுகொண்டே முனைவரை ஓடினேன்.

அதோடு நான் விடவில்லை. மத்தியானம் சாப்பிட மறுத்தேன். சித்தப்பாவும் சாப்பிடவில்லை. ஒருமாதம் அவர் அம்மாவோடு பேசவில்லை. பிறகு வேறொருவர் காரை ஓட்டப் போனார். வேலையில் சேருமுன் அதன் அடியில் படுத்துப் பார்த்தார் என்று கேள்வி.

சாயங்காலம் அம்மா என் ஞாயிற்றுக்கிழமைக் கவுனுக்கு ஓரம் மடிக்க என்னை மேஜைமேல் ஏற்றினாள். பழிவாங்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்குமா? கவுனுக்குள் ஒரு முழங்காலை அவளுக்குத் தெரியாமல் மடக்கிக்கொண்டேன். ஓரம் கோணலாகும், நாளை சபை முழுக்கச் சிரிக்கும், துரைசாணிகளும் கேள்விப்படுவார்கள் என்று கணக்குப்போட்டேன். அம்மா குச்சியை ஊன்றிச் சுற்றிலும் கோடு போட்டாள். ஒன்றும் சொல்லவில்லை. ஏமாந்துவிட்டாள் என்று குதூகலித்தேன்.

மறுநாள் ஆலயத்து வாசலில் ஐயர், "வண்டி எங்கம்மா?" என்று கேட்டார். அம்மா தலையை நிமிர்த்தி, "வரலீங்க ஐயா. நாங்க நடந்தே நேரத்துக்கு வந்துட்டோம்" என்றாள். நான் குனிந்து என் கவுனைப் பார்த்தேன். ஓரம் சுற்றிலும் நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தது. காருக்கு அடியில் இருந்த கட்டையைக் கண்டுபிடித்தவளுக்குக் கவுனுக்குள் மடங்கிய கால் தெரியாதா என்று யோசிக்கும் புத்தி எனக்கு இல்லை.

அம்மாவின் ஒரு செய்கை மட்டும் பல வருஷம் கழித்துத்தான் எனக்கு விளங்கியது. முந்தினநாள் சாயங்காலம், என் கவுனை முடித்துக் கொடியில் போட்டபிறகும், அம்மா அந்த மெஷினை விட்டு எழுந்திருக்கவில்லை. மூட்டை பிரித்த போர்வை அவள் காலடியில் கிடந்தது. துணி இல்லை, நூலும் கோக்கவில்லை. வெறும் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். அப்பா கதவோரம் வந்து நின்றுவிட்டுப் போனார். காரைப் பறிகொடுத்த என்னைச் சீண்டத்தான் அம்மா அப்படிச் செய்கிறாள் என்று நினைத்து, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நான் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தேன்.