ஆறு துளைகளையும் அடைத்தேன்

என்னைத் திருடன் என்று சொன்னவர் பாளையங்கோட்டையில் மோட்டார் பஸ் வைத்திருந்தார். ஆற்றுப் பாசனத்தில் ஏகப்பட்ட வயல் இருந்த குடும்பம். பாதியை விற்றுப் பஸ் வாங்கினார். திருச்செந்தூர் ரோட்டில் ஓடிய அந்த வண்டிக்கு டிரைவரும் நான்தான், மெக்கானிக்கும் நான்தான். நான் புன்னக்காயல்காரன், தூத்துக்குடித் துறைமுகத்தில் இஞ்சின் வேலை பழகியவன். அவரிடம் மூன்று வருஷம் இருந்தேன்.

ஒருநாள் காலையில் ஷெட்டில் இருந்த மாற்றுச் சக்கரத்தைக் காணவில்லை. முதலாளி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆட்களோடு என் வீட்டுக்குப் போய், என் மனைவியின் துணிப்பெட்டியைத் தெருவில் கவிழ்த்தார். இடுப்பளவு உயரமுள்ள சக்கரத்தைச் சேலைகளுக்கு நடுவே தேடினார்கள். அங்கிருந்து பஸ் நிற்கும் இடத்துக்கு வந்து, ஏறி உட்கார்ந்திருந்த ஜனங்கள் பார்க்கச் செருப்பால் என் கன்னத்தில் அடித்தார்.

"கடக்கரைக்காரனை நம்பினேம் பாரு, என்னைச் சொல்லணும்லே" என்றார்.

வீட்டுக்குப் போனபோது மனைவி தெருவில் குனிந்து துணிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டார் வாசலில் நின்று பார்த்தார்கள். அன்றைக்கே ஊரைக் காலி செய்தோம். திருடன் என்று பெயர் வந்தவனை வண்டி வைத்திருந்த யாரும் சேர்க்கவில்லை. ஏழு மாதம் புன்னக்காயலில் படகுகளுக்கு இரும்பு வேலை பார்த்தேன். கன்னத்தில் காயம் ஒன்றும் இல்லை. ஆனாலும் கை அடிக்கடி அங்கே போகும்.

பிறகு ஒரு கருப்பட்டி வியாபாரி என்னைத் தேடி வந்தார். எல்லாரும் அண்ணாச்சி என்றே கூப்பிடும் மனிதர். சரக்குக் கிட்டங்கியில் தீப்பிடித்து மரச் சக்கரங்கள் நான்கும் வெந்துபோன ஒரு லாரியை வாங்கிப் போட்டிருந்தார். இஞ்சினுக்குச் சேதமில்லை. முதலாளியின் பஸ்ஸும் அதுவும் ஒரே கம்பெனி. சீமையில் சண்டை நடந்த காலம், கப்பலில் சக்கரம் வருவதற்கு வழியில்லை. அம்பாசமுத்திரத்துக்கு மேலே ஒரு காப்பித் தோட்டத்தில் வேறு கம்பெனி லாரி ஒன்று உருண்டு கிடந்தது. அதன் சக்கரங்கள் ஐந்து நன்றாக இருந்தன. அளவு சரி. ஆனால் அவற்றில் போல்ட்டுக்கு ஐந்து துளை. எங்கள் லாரியின் அச்சில் சக்கரத்தை மாட்டும் இரும்புக் குடத்தில் ஆறு. ஐந்து துளையும் நின்ற வட்டமும் பெரியது.

"இது நடக்குமாவே?" என்று அண்ணாச்சி கேட்டார்.

நடக்கும் என்றேன். நான்கு குடங்களையும் கழற்றி, பஞ்சாலைப் பட்டறை ஒன்றில் கேட்டு இடம் வாங்கிக்கொண்டேன். ஒரு வட்டத்தை ஆறாகப் பிரிப்பது சுலபம். காம்பஸை விரித்த அளவிலேயே சுற்றிலும் ஆறு முறை வைத்தால் முடிந்தது. ஐந்து அப்படி வராது. கூட்டியும் குறைத்தும், கடைசிப் புள்ளி முதல் புள்ளியில் வந்து விழும்வரை வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு தகரத்தில் அளவைப் பிடித்து, அதை வைத்தே நான்கு குடத்திலும் குறித்தேன். மயிரிழை பிசகினால் சக்கரம் ஆடும். கையால் சுற்றித்தான் துளை போட்டேன். இருபது துளைக்குப் பதினொரு நாள் ஆயிற்று.

அதோடு வேலை தீர்ந்தது. பழைய துளைகள் திறந்து கிடப்பதால் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் நான் இரும்பு முளைகள் செய்து இருபத்துநான்கையும் அடித்து அடைத்தேன். இரண்டு பக்கமும் அரத்தால் ராவி மட்டமாக்கினேன். இதற்கு மேலும் நான்கு நாள். எதற்கு இந்த வேண்டாத வேலை என்று அண்ணாச்சி கேட்டார். பழைய முதலாளியின் சக்கரம் நம் வண்டியில் ஏறக்கூடாது, நம் சக்கரம் அவர் வண்டியில் ஏறக்கூடாது என்றேன். அண்ணாச்சி என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

லாரிக்குக் கூரையும் பலகை ஆசனமும் போட்டு அதே ரோட்டில் ஆள் ஏற்றினோம். முதலாளியின் பஸ் கிளம்பக் கால்மணி நேரம் முன்னால் நான் கிளம்புவேன். இரண்டு மாதத்தில் அவர் வண்டி பாதி காலியாக ஓடியது. எனக்கு அது போதவில்லை.

தசராவுக்குக் குலசேகரன்பட்டினம் போகும் கூட்டத்தோடு ஒரு மத்தியானம் போய்க்கொண்டிருந்தேன். திருச்செந்தூர் தாண்டி மணல் ரோட்டில் அவர் பஸ் ஒருபக்கமாகச் சாய்ந்து நின்றது. பின்சக்கரம் ஆரக்கால் முறிந்து கிடந்தது. வேஷம் கட்டியவர்களும் பிள்ளைகளும் பனைநிழலில் நின்றார்கள். முதலாளியே வண்டியோடு வந்திருந்தார். என் வண்டியின் பக்கவாட்டில் கட்டியிருந்த சக்கரத்தைப் பார்த்தபடி வந்தார்.

"மேஸ்திரி, அந்தச் சக்கரத்தைத் தாரும். ரெண்டும் ஒரே கம்பெனிதானவே" என்றார்.

"பொருந்தாது முதலாளி. இது அஞ்சு."

நம்பாமல் குனிந்து பார்த்தார். நானே இறங்கி, மாட்டியிருந்த சக்கரம் ஒன்றின் நடுமூடியைக் கழற்றி, உள்ளே குடத்தைக் காட்டினேன். அடைத்த துளை ஒன்றை விரலால் தடவினார்.

"வேணும்னே அடைச்சியாலே?"

"ஆமா."

குந்தியபடியே பைய, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "அன்னைக்குக் காணாமப்போன சக்கரத்தை எடுத்து வித்தது எம் மச்சினன். எனக்கு மறுநாளே தெரியும்."

மறுநாளே என்றால், நாங்கள் புன்னக்காயல் போய்ச் சேர்ந்த அன்று. எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லச் சொன்னேன். அவர் தலையைத் திருப்பிக்கொண்டார். சொன்னால் உங்கள் ஜனங்களையெல்லாம் ஏற்றிக்கொண்டு போவேன் என்றேன். பனைநிழலில் நின்றவர்களுக்கு முன்னால் போய் நின்று, "இவர் களவாணி இல்ல. நாந்தான் தப்பாச் சொல்லி அடிச்சேன்" என்று சொன்னார்.

சொன்னபடியே ஜனங்களை ஏற்றினேன், கூரைமேல் கூட. கடைசியில் அவர் படியில் கால் வைத்தார். ஜனங்களைத்தான் ஏற்றுவதாகச் சொன்னேன், காலை எடுங்கள் என்றேன். ஒரு பெரியவர் உள்ளேயிருந்து, பாவம், வயசான மனுஷன் என்றார். நான் வண்டியை எடுத்தேன். அவர் வெயிலில் செருப்புக்குள் மணல் நிறையத் திருச்செந்தூர்ப் பக்கம் நடந்து போனாராம்.

மாசி வருவதற்குள் பஸ்ஸை விற்றுவிட்டார். நடந்ததை மனைவியிடம் சொன்னேன். அவரை அப்படி விட்டுவிட்டு வந்திருக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னாள். அது எனக்குப் பிடிக்கவில்லை. பாஸ்காத் திருநாளுக்கு முன்னால் எங்கள் மாதா கோவிலில், சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு எல்லாரும் வரிசையில் நின்றார்கள். நான் போகவில்லை. செய்ததற்கு மனம் வருந்தி மனஸ்தாபப்பட வேண்டும்; எனக்கு அது வரவில்லை. இரண்டு வருஷம் கழித்துப் போனேன். மற்ற பாவங்களையெல்லாம் வரிசையாகச் சொன்னேன். சாமியார் வேறு ஏதாவது உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன்.