துண்டுக்கு அடியில் மூன்று விரல்

போட்டி இருந்தால் போதும், விலை தன்னால் நியாயத்துக்கு வந்துவிடும் என்று யாராவது பேசினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எட்டு வயதில் அந்தப் போட்டியைக் கையால் தொட்டுப் பார்த்தவள் நான்.

ஐந்தருவிக்குப் போகிற வழியில் அத்தைக்கு ஒரு மங்குஸ்தான் தோப்பு இருந்தது. மாமா இறந்து, அத்தை எங்கள் வீட்டோடு வந்துவிட்ட வருஷம் அது. பழத்தைக் குத்தகைக்கு விட்டு வருகிற பணத்தில்தான் அத்தை மகள், என் மதினி, பாளையங்கோட்டைக்கு வாத்தியார் படிப்புக்குப் போகவேண்டும். டிரங்குப் பெட்டிகூட அடுக்கியாயிற்று. கிராம முன்சீப்பை வைத்து ஊரறிய ஏலம் போடலாமா என்று அத்தை கேட்டதற்கு, பேப்பர் படிக்கிற என் அப்பா சிரித்தார்.

"சர்க்கார் ஆளு எதுக்கு? நாலு யாவாரி வாரான். ஒருத்தன ஒருத்தன் முந்தப் பாப்பான், வெல தானா ஏறும்."

போட்டியை நம்பி அவர் ஆபீசுக்குப் போய்விட்டார். வியாபாரிகள் நாலு பேரும் வந்தார்கள். மாட்டுச் சந்தையில் போலவே கைமேல் துண்டைப் போட்டு மூடி, அடியில் விரலைப் பிடித்து விலை சொல்லுவது அவர்கள் வழக்கம். விரலுக்கு நூறு ரூபாய். ஒருவர் சொன்னது அடுத்தவருக்குத் தெரியாது. அந்நிய ஆண்களின் கையை அத்தை பிடிக்க முடியுமா? அவள் கதவுக்குப் பின்னால் நிற்க, துண்டுக்கடியில் என் கை போயிற்று.

முதல் ஆள் மூன்று விரலைப் பிடித்தார். ஓடிப்போய்ச் சொன்னேன். போன வருஷம் மாமா எட்டுக்கு விட்டிருந்தார். "அடுத்த ஆளு கூட்டுவாரு" என்றாள் அத்தை. அடுத்தவரும் மூன்று. மற்ற இருவரும் அதே மூன்று.

"அத்தை, எல்லாரும் ஒண்ணுபோல சொல்லுதாங்க!" என்று பெருமையாகக் கத்தினேன்.

வேறு வியாபாரி யாரும் எட்டிப்பார்க்கவில்லை. சாரல் தொடங்கிவிட்டது, பழம் காத்திருக்குமா? மூன்றுக்கே விட்டாள். "ராசியான கை" என்று மூத்தவர் என் கன்னத்தைத் தட்டினார்.

மறுநாள் தோப்புக்கு விளையாடப் போனேன். அதே நாலு பேரும் மரத்தடியில், துண்டு கிண்டு ஒன்றும் இல்லாமல், "அஞ்சு", "ஏழு", "எட்டரை" என்று ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டிருந்தார்கள். அப்பா சொன்ன போட்டி அத்தை இல்லாத இடத்தில் அமோகமாக நடந்தது. ஒன்பதுக்கு ஒருவர் தோப்பை எடுக்க, அத்தைக்குச் சேரவேண்டிய மூன்று போக மேல்பணத்தைச் சிரித்துக்கொண்டே பங்கு போட்டார்கள். எனக்கும் ஒரு பழம் பிட்டுக் கொடுத்தார்கள். தின்றுகொண்டே போய் அத்தையிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

"ஒம்பதா?" என்று மட்டும் கேட்டாள். அப்பா பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை.

சாயங்காலம் மதினி பெட்டியிலிருந்து துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடியில் போட்டாள். "அப்போ நீ போகலையா மதினி?" என்றேன். இல்லை என்று தலையாட்டினாள். இனி தினமும் எனக்குச் சடை பின்ன ஆள் இருக்கிறது என்று குதித்தேன். காலிப் பெட்டியைப் பரணில் ஏற்ற, ஒரு பக்கம் நான்தான் பிடித்துக்கொடுத்தேன்.